ஹோட்டல் சாப்பாட்டு வரி 5-லிருந்து 18 ஆகிறது: மென்பொருளில் எதையெல்லாம் தொட வேண்டும்?

கேள்வி இது: கொடைக்கானலில் 32 அறைகள் கொண்ட ஹோட்டல். வெளியாட்களும் வந்து சாப்பிடும் ஒரு ரெஸ்டாரண்ட், விசேஷங்களுக்கு விடும் ஒரு ஹால். 2025 மே சீசனில் சில இரவுகள் அறை 8,200 ரூபாய் வரை விற்றது. அதனால் 2026 ஏப்ரல் 1 முதல் சாப்பாட்டு பில்லுக்கு 5 சதவீதம் அல்ல, 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். புக்கிங் மென்பொருளில் வரி விகிதங்களைப் பதிந்து வைக்கும் டாக்ஸ் மாஸ்டரில் 5-ஐ 18 ஆக மாற்றிவிட்டால் வேலை முடிந்ததா? கோடை சீசனுக்கு ஏற்கெனவே எடுத்த புக்கிங்குகள் என்ன ஆகும்?

முடிந்துவிடாது. சொல்லப்போனால், அந்த 5-ஐ அழித்துவிட்டு அதே கட்டத்தில் 18 என்று அடிப்பதுதான் செய்யவே கூடாத காரியம். அதற்கு முன் இந்த 18 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். அது தெரிந்தால்தான் எந்தெந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது பிடிபடும்.

2025 மார்ச் வரை கணக்கு வேறு. ஹோட்டல் அறிவித்திருக்கும் டாரிஃப், அதாவது ரிசப்ஷனில் மாட்டியிருக்கும் ரேட் கார்டு, எந்த அறைக்காவது 7,500-க்கு மேல் இருந்தால் உள்ளே இருக்கும் ரெஸ்டாரண்டுக்கு 18 சதவீதம். இல்லாவிட்டால் 5. 2025 ஜனவரி 16-ல் வந்த 05/2025 எண் அறிவிக்கை இதை மாற்றியது. அந்த ஏப்ரல் 1 முதல் ரேட் கார்டுக்கு மதிப்பில்லை. உண்மையில் விற்ற விலைதான் கணக்கு. முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறை, ஏதாவது ஓர் இரவு, 7,500 ரூபாய்க்கு மேல் போயிருந்தால் அந்த இடம் 'ஸ்பெசிஃபைட் பிரிமிசஸ்'. அடுத்த நிதியாண்டு முழுக்க அங்கே சாப்பாட்டுக்கு 18 சதவீதம், உள்ளீட்டு வரி வரவு, அதாவது ஐடிசி, உண்டு. தாண்டாதவர்களுக்கு 5 சதவீதம், ஐடிசி கிடையாது. தாண்டாதவர்களும் விரும்பினால் ஜனவரி 1 முதல் மார்ச் 31-க்குள் அறிவிப்பு கொடுத்து அடுத்த ஆண்டுக்கு 18-க்குள் போகலாம். ஆனால் தாண்டியவர்களுக்கு 5-ல் இருக்க வழியில்லை. நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

ஆக, சாப்பாட்டுக்கு எவ்வளவு வரி என்பதை முடிவு செய்வது கிச்சன் அல்ல, போன வருஷத்து ரூம் பில். மென்பொருள்கள் தடுமாறுவது இங்கேதான். ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள்: 2026 ஜனவரி 1 முதல் ரெஸ்டாரண்ட் சாப்பாட்டுக்கு 19-லிருந்து 7 சதவீதம், பானங்களுக்கு மட்டும் பழைய 19 என்று அறிவித்தார்கள். ஒரு தேதி, ஒரு புது ரேட், எல்லோருக்கும் ஒன்று. அதற்கு எல்லா மென்பொருளும் தயார். நம்மிடம் இருப்பது ஒரே தெருவில் இரண்டு ஹோட்டலுக்கு இரண்டு ரேட். அதே ஹோட்டலுக்கும் வருஷத்துக்கு வருஷம் மாறக்கூடிய ரேட். ஆகவே உங்கள் மென்பொருளில் சாப்பாட்டு வரி என்பது 'எந்தக் கிளை, எந்த நிதியாண்டு' என்ற இரண்டையும் பார்த்து வர வேண்டும். ஒரே கம்பெனியில் ஊட்டியிலும் ஒரு ஹோட்டல் இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு. கொடைக்கானல் தாண்டியதால் ஊட்டி 18 ஆகாது.

இப்போது டாக்ஸ் மாஸ்டர். அதில் 'ஃபுட் 5' என்றோ வேறு பெயரிலோ ஒரு குறியீடு இருக்கும். அதன் ரேட் கட்டத்தில் 18 என்று மாற்றிச் சேமித்தால் என்ன நடக்கும் என்பது மென்பொருளைப் பொறுத்தது. சிலவற்றில் ஒவ்வொரு பில்லும் தன் வரித் தொகையைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும், பழையவை அசையாது. சிலவற்றில் பில்லில் குறியீடு மட்டும்தான் இருக்கும். ரேட்டை ஒவ்வொரு முறையும் மாஸ்டரில் போய் எடுக்கும். அப்படிப்பட்ட மென்பொருளில் மார்ச் 28 பில்லுக்கு ஏப்ரல் 5-ல் டூப்ளிகேட் காப்பி எடுத்தால் 18 சதவீதத்தோடு அச்சாகும். டூப்ளிகேட் காப்பியாவது யாரோ ஒருவர் கேட்டால்தான். மார்ச் மாத விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை ஏப்ரல் 11-க்குள் போட வேண்டும். அதற்கான ரிப்போர்ட்டையே ஏப்ரலில்தானே எடுப்பீர்கள்? மார்ச் மாத விற்பனை முழுவதும் 18 சதவீதத்தில் வந்து நிற்கும். கிரெடிட் நோட்டும் அப்படியே. மார்ச் பில்லுக்கு ஏப்ரலில் பணம் திருப்பிக் கொடுத்தால், கிரெடிட் நோட் 5 சதவீதத்தில்தான் இருக்க வேண்டும்.

ஆகவே பழைய குறியீட்டைத் தொடாதீர்கள். அதற்கு முடிவுத் தேதி 31-03-2026 என்று கொடுங்கள். 'ஃபுட் 18' என்று புதிதாக ஒன்று, 01-04-2026 தொடக்கம். மத்திய அரசின் சிஜிஎஸ்டி 9, மாநிலத்தின் எஸ்ஜிஎஸ்டி 9. விருந்தினர் பெங்களூரிலிருந்து வந்தாலும் வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி கிடையாது. தங்குமிடம், அங்கே பரிமாறும் சாப்பாடு இரண்டுக்கும் வரிக்கான இடம் என்பது ஹோட்டல் இருக்கும் மாநிலம்தான். குறியீட்டுக்குத் தேதி கொடுக்கும் வசதியே இல்லாத பழைய மென்பொருளாக இருந்தால், புதுக் குறியீட்டை உருவாக்கி வைத்துவிட்டு, மார்ச் 31 இரவு மெனு ஐட்டங்களை அதற்கு மாற்றுவது ஒன்றே வழி. அதற்கு ஐட்டம் பட்டியலை எக்செல்லில் இறக்கி, மாற்றி, ஏற்றும் வசதி இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். முந்நூறு ஐட்டத்தை ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினால் நாலு விட்டுப்போகும்.

அடுத்தது, மென்பொருள் எந்தத் தேதியை வைத்து ரேட்டைத் தேடுகிறது என்பது. புக்கிங் போட்ட தேதியா, செக்-இன் தேதியா, அந்தச் செலவு விருந்தினரின் கணக்கான ஃபோலியோவில் ஏறும் தேதியா? நிறைய புக்கிங் என்ஜின்கள் புக்கிங் உறுதியாகும் நேரத்திலேயே வரியைக் கணக்கிட்டு அந்த ரிசர்வேஷனோடு ஒட்டி வைத்துவிடும். விருந்தினருக்குச் சொன்ன தொகை மாறக்கூடாது என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அது. வரி மாறும் வருஷத்தில் அதுவே வினை. ஜனவரியில் ஒருவர் மே மாதத்துக்கு அறையும், கூடவே தனி ஆட்-ஆனாக ஒரு பார்பிக்யூ டின்னரும் வாங்கியிருந்தால், அந்த டின்னர் 5 சதவீதத்தோடு உறங்கிக்கொண்டிருக்கும். மாஸ்டரை மாற்றினாலும் அதற்குத் தெரியாது. ஏப்ரல் 1-க்குப் பிறகு வருகை உள்ள, ஆட்-ஆன் சாப்பாடு உள்ள புக்கிங்குகளை மட்டும் பட்டியலெடுத்து வரியை மறுகணக்கிடச் சொல்ல வேண்டும். கூடுதல் தொகையை விருந்தினரிடம் கேட்பதா, கையிலிருந்து கட்டுவதா என்பது உங்கள் விருப்பம். உறுதிப்படுத்தும் மெயிலில் 'சேவை நாளில் உள்ள வரி பொருந்தும்' என்ற வரி இருந்தால் கேட்கலாம். இல்லாவிட்டால் கேட்கும் நேரத்தில் கசப்பாகும். எப்படியானாலும் அரசுக்குக் கட்ட வேண்டியது நீங்கள்தான்.

எந்த ரேட் என்பதில் சந்தேகம் வந்தால் சிஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 14 கைகொடுக்கும். மூன்று தேதிகளைப் பாருங்கள்: சேவை கொடுத்தது, இன்வாய்ஸ் போட்டது, பணம் வந்தது. மூன்றில் இரண்டு மாற்றத்துக்கு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்து ரேட். ஹாலில் மே மாதம் நடக்கும் ரிசப்ஷனுக்கு ஜனவரியில் 50,000 அட்வான்ஸ் வாங்கியிருக்கிறீர்கள். விருந்து மே, இன்வாய்ஸ் மே. பணத்தில் ஒரு பகுதி மட்டும் முன்பு. இரண்டு பின்னால் விழுகிறது, அதனால் 18. ஸ்பெசிஃபைட் பிரிமிசஸில் நடக்கும் கேட்டரிங்கும் 18 சதவீதம்தான். ரெஸ்டாரண்டை மட்டும் மாற்றிவிட்டு, ஹால் விருந்துகளுக்கான பேங்க்வெட் மாட்யூலை மறந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் தனித் திரை, தனி மாஸ்டர்.

'அப்படியானால் மார்ச் 31-க்குள் முழுப் பணத்தையும் வாங்கி இன்வாய்ஸையும் போட்டுவிட்டால் 5 தானே?' என்று கேட்பீர்கள். சட்டத்தின் எழுத்து அதற்கு இடம் தருவதுபோல்தான் இருக்கிறது. ஆனால் இங்கே அரசு ரேட்டை மாற்றவில்லை, உங்கள் வளாகத்தின் நிலை மாறுகிறது. அதற்கும் பிரிவு 14 செல்லுமா என்று நாளை ஓர் அதிகாரி கேட்பார். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

அட்வான்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு. சேவைக்கு அட்வான்ஸ் வாங்கும்போதே வரி கட்ட வேண்டும் என்பதால் அந்த 50,000-க்கு ஜனவரியிலேயே 5 சதவீதம் கட்டியிருப்பீர்கள். ஜிஎஸ்டிஆர்-1-ல் 11ஏ அட்டவணையில் போயிருக்கும். மே மாதம் இன்வாய்ஸ் போடும்போது 11பி-யில் அதைக் கழிக்க வேண்டும், அதுவும் 5 சதவீதத்தில். இன்வாய்ஸ் மட்டும் 18-ல். மென்பொருள் அட்வான்ஸை வெறும் பணமாக மட்டும் வைத்திருந்து, கழிக்கும்போது இன்வாய்ஸின் ரேட்டையே போட்டால் 11பி-யில் 18 சதவீதம் வரும். கட்டாத வரியைக் கழித்ததாகிவிடும். அட்வான்ஸுக்குக் கொடுக்கும் ரிசீட் வவுச்சரில் ரேட் தனியாகச் சேமிக்கப்படுகிறதா என்று ஒரு பழைய அட்வான்ஸைத் திறந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

இனி, உண்மையிலேயே தலைவலி தரும் விஷயத்துக்கு வருகிறேன். மீல் பிளான்.

அறையோடு காலை உணவு சேர்ந்த சிபி பிளானைச் சட்டம் ஒரே கூட்டுச் சேவையாகப் பார்க்கிறது. அதில் முதன்மையானது அறை. எனவே முழுத் தொகைக்கும் அறையின் ரேட். அறைக்கு இப்போது ஒரு நாளுக்கு 7,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. முன்பிருந்த 12 சதவீதம் 2025 செப்டம்பர் 22-ல் போய்விட்டது. ஆகவே 5,000 ரூபாய் சிபி அறையில் தங்குபவரின் இட்லிக்கு 5 சதவீதம்; அதே மேசையில் வெளியிலிருந்து வந்து உட்கார்ந்தவரின் இட்லிக்கு ஏப்ரலிலிருந்து 18. விசித்திரம்தான், ஆனால் அதுதான் கணக்கு. இரவு உணவும் சேர்ந்த எம்ஏபி, மூன்று வேளையும் சேர்ந்த ஏபி ஆகியவற்றில் எல்லா அதிகாரிகளும் இதையே ஏற்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளில் இது எங்கே உடையும் என்றால், வருமானப் பிரிப்பில். 5,000 ரூபாய் சிபி ரேட்டை நைட் ஆடிட்டின்போது, அதாவது அன்றைய கணக்கை இரவில் முடிக்கும்போது, அறைக்கு 4,400, உணவுக்கு 600 என்று உள்ளுக்குள் பிரித்து, 600-ஐ ரெஸ்டாரண்ட் வருமானக் கணக்கில் ஏற்றும். சாப்பாட்டுப் பிரிவைப் பார்க்கும் எஃப் அண்ட் பி மேனேஜருக்கு அந்த எண் வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பிரிப்பு 'ஃபுட்' குறியீட்டின் வழியாக நடந்தால், ஏப்ரல் 1 அன்று 600-க்கு 18 சதவீதம் போட்டுவிடும். செப்டம்பர் 22 முதல் இரண்டும் 5 சதவீதம் என்பதால் யாருக்கும் தெரிந்திருக்காது. பிளானில் சேர்ந்த உணவுக்கு வரியில்லாத தனிக் குறியீடு வைத்து, வரியை மொத்த 5,000-க்கு அறைக் குறியீட்டிலேயே போட வேண்டும்.

இதன் மறுபக்கம் இன்னும் காரம். அறை மட்டும் 6,900, இரண்டு பேருக்கு இரவு உணவு 900 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக பில் போட்டால் அறைக்கு 345, உணவுக்கு 18 சதவீதத்தில் 162. வரி 507 ரூபாய். அதையே ஒரே பிளானாக 7,800-க்கு விற்றால் அறையின் மதிப்பு 7,500-ஐத் தாண்டிவிட்டது. முழுத் தொகைக்கும் 18 சதவீதம், 1,404 ரூபாய். அதே அறை, அதே சாப்பாடு, 897 ரூபாய் வித்தியாசம். பணத்தைக்கூட விடுங்கள், அந்த ஓர் இரவு, அடுத்த நிதியாண்டுக்கும் ரெஸ்டாரண்டை 18-ல் கட்டிப்போடும். கூடுதல் கட்டில், கூடுதல் ஆள் கட்டணமும் இப்படித்தான். மென்பொருள் அவற்றைத் தனி வரியாகப் பதிந்து, 7,500 சோதனைக்கு அடிப்படை வாடகையை மட்டும் எடுக்கும். அந்த அறையின் மதிப்பில் சேர்த்தே பார்ப்பதுதான் பாதுகாப்பு.

7,500 என்ற எல்லையையே ஒருமுறை சோதியுங்கள். ஜிஎஸ்டி வந்த 2017-ல் 7,500-ம் அதற்கு மேலும் என்பது உயர்ந்த வகுப்பு. 2019 அக்டோபர் 1 முதல் 7,500-க்கு மேல் என்று ஆனது. சரியாக 7,500 என்றால் கீழ் வகுப்பு. பழைய நிரலில் 'பெரியது அல்லது சமம்' என்ற குறி இன்னும் இருந்தால், 7,500 அறைக்கு 18 சதவீதம் போடும். டெஸ்ட் புக்கிங் மூன்று போட்டால் தெரிந்துவிடும்: 7,499, 7,500, 7,501. வரியோடு முறையே 7,873.95, 7,875, 8,851.18 வர வேண்டும்.

இந்தக் கடைசி இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது பாருங்கள். வரி உட்பட விலை போடும் ஹோட்டல்கள் விழுவது அதில்தான். 'எல்லாம் சேர்த்து 8,000' என்று விற்கிறீர்கள். 5 சதவீதம் என்று பின்னோக்கிக் கணக்கிட்டால் அடிப்படை 7,619. அது 7,500-ஐத் தாண்டுகிறது, ஆக 5 செல்லாது. 18 என்று கணக்கிட்டால் 6,780. அது 7,500-க்குக் கீழ், ஆக 18-ம் செல்லாது. 7,875-க்கு மேல் 8,850 வரை எந்த 'உட்பட' விலைக்கும் சரியான விடையே கிடையாது. 12 சதவீதம் இருந்தபோதும் இந்தப் பள்ளம் இருந்தது. 8,400-லிருந்து 8,850 வரை என்று சிறியது. செப்டம்பருக்குப் பிறகு இரண்டு மடங்குக்கு மேல் அகலமாகிவிட்டது. மென்பொருள் இந்த இடத்தில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து அமைதியாக பில் போட்டுவிடும், எச்சரிக்காது. சீசனில் உங்கள் விலை சரியாக இந்த வட்டாரத்தில்தான் உலவுகிறது. அறைக்கு 'வரி தனி' என்று மாறிவிடுங்கள். முடியாவிட்டால் அந்த இடைவெளியில் ரேட் போடவே முடியாதபடி தடை வையுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லாபியில் ஹோம்மேட் சாக்லேட் விற்கும் கவுன்டர் இருந்தால், அது ரெஸ்டாரண்ட் சேவை அல்ல, பொருள் விற்பனை. சாக்லேட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 ஆகிவிட்டது. 'ஃபுட்' குரூப் முழுவதையும் ஒரே அழுத்தில் 18 ஆக்கினால் சாக்லேட்டும் கூடவே ஏறிவிடும். அதே கவுன்டரில் விற்கும் கோலா பாட்டிலுக்கு 40 சதவீதம். மேசையில் சாப்பாட்டோடு பரிமாறினால் ரெஸ்டாரண்ட் ரேட். பார் இருந்தால் மதுவுக்கு ஜிஎஸ்டியே இல்லை, மாநில வாட் தான். ஆனால் பாரில் கொடுக்கும் சிக்கன் 65-க்கு 18. ரூம் சர்வீஸுக்கும் 18.

ஆன்லைன் டெலிவரி இருந்தால் கவனம் தேவை. 2022 ஜனவரி 1 முதல் ஸ்விக்கி, சொமேட்டோ வழியாகப் போகும் ரெஸ்டாரண்ட் உணவுக்கு வரியை அந்தத் தளமே கட்டுகிறது. ஸ்பெசிஃபைட் பிரிமிசஸ் அந்த ஏற்பாட்டில் வராது. ஏப்ரல் 1 முதல் அந்த ஆர்டர்களுக்கும் 18 சதவீதத்தை நீங்களே கட்ட வேண்டும், தளம் 0.5 சதவீதம் டிசிஎஸ், அதாவது மூலத்திலேயே வசூலிக்கும் வரி, பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். ரெஸ்டாரண்ட் பில் போடும் மென்பொருளான பிஓஎஸ்ஸில் அந்த ஆர்டர் வகைக்கு 'வரி தளத்தின் பொறுப்பு' என்பதுபோல ஒரு டிக் இருக்கும், அதை எடுக்க வேண்டும். தளத்துக்கும் முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினால் இரண்டு பேரும் வரி கட்டுவீர்கள், அல்லது இருவருமே கட்ட மாட்டீர்கள்.

பிஓஎஸ்ஸும், அறைகளின் கணக்கை வைக்கும் பிஎம்எஸ்ஸும் பேசிக்கொள்ளும் இடம் இன்னொன்று. விருந்தினர் ரெஸ்டாரண்டில் சாப்பிட்டுவிட்டு 'ரூமில் போடு' என்கிறார். பிஓஎஸ் 1,000 ரூபாயும் வரி 180-ம் அனுப்புகிறது. அங்கே பிஎம்எஸ் மொத்தமாக 1,180-ஐ வாங்கிக்கொண்டு, தன் ரெவின்யூ கோடில் இருக்கும் 5 சதவீதத்தை வைத்துப் பின்னோக்கிப் பிரித்தால் அடிப்படை 1,123.81, வரி 56.19 என்று எழுதிக்கொள்ளும். விருந்தினரின் பில் தொகை சரியாக இருப்பதால் கவுன்டரில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மாதக் கடைசியில்தான் இடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே இரவில் மாற வேண்டும்.

அந்த இரவைப் பற்றி. மென்பொருளின் 'பிசினஸ் தேதி' நைட் ஆடிட் ஓடிய பிறகுதான் மாறும். பல ஹோட்டல்களில் அது அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு. 12.20-க்குப் போடும் டின்னர் பில்லில் மென்பொருள் இன்னும் மார்ச் 31 என்று நினைத்துக்கொண்டிருக்கும், காலண்டரோ ஏப்ரல் 1. ஒருநாள் மட்டும் பழக்கத்தை மாற்றுங்கள்: திறந்திருக்கும் கேஓடிகளை, அதாவது கிச்சனுக்குப் போன ஆர்டர் சீட்டுகளை, 11.30-க்குள் பில்லாக்கி, 12-க்கு முன் நைட் ஆடிட்டை முடித்துவிடுங்கள். செவ்வாய் இரவுதான், சீசனும் இன்னும் சூடுபிடித்திருக்காது. எப்படியும் புது நிதியாண்டுக்கு இன்வாய்ஸ் வரிசை எண்ணை அன்று புதிதாகத் தொடங்கத்தானே போகிறீர்கள்? தங்கியிருக்கும் விருந்தினர்களின் ரெஸ்டாரண்ட் பில்களை அன்றிரவே தனி இன்வாய்ஸாக முடித்துவிட்டால், ஒரே ஃபோலியோவில் 5-ம் 18-ம் கலக்கும் தொல்லையும் இல்லை.

18-க்குப் போவதில் ஒரு வரவு, ரெஸ்டாரண்டுக்கு வாங்கும் பொருள்களின் வரியை ஐடிசியாக எடுக்கலாம். அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். காய்கறி, பால், சில்லறை அரிசிக்கு வரியே இல்லை. எடுக்க என்ன இருக்கிறது? வணிக கேஸ் சிலிண்டர், வாடகை இருந்தால் வாடகை, பாத்திரம், மெஷின்கள் ஆகியவற்றில்தான் கிடைக்கும். ஆனால் 7,500 வரை விற்கும் அறைகளுக்கு ஐடிசி கிடையாது. ஆகவே பர்ச்சேஸ் என்ட்ரியில் 'ரெஸ்டாரண்ட்', 'அறை', 'பொது' என்று ஒரு கட்டம் கட்டாயமாக வேண்டும். பொதுவானதை சிஜிஎஸ்டி விதி 42-ன்படி விகிதம் போட்டுப் பிரிக்க வேண்டும். மார்ச் மாதக் கடைசியிலேயே ஸ்டோர் கீப்பருக்குப் பழக்கிவிடுங்கள். பிறகு போய் ஆறு மாத பில்லைப் பிரிப்பது நடக்காத காரியம்.

விலையையும் யோசியுங்கள். 60 ரூபாய் இட்லி 63-க்குப் போனது 70.80 ஆகும். பக்கத்துக் கடையில் அதே இட்லி 63-க்கே இருக்கும். வாக்-இன் கூட்டத்தை இழக்காமல் பழைய மொத்த விலையையே வைத்துக்கொண்டால், முன்பு 105 ரூபாய் வாங்கி 100 எடுத்துவைத்தீர்கள். இப்போது அதே 105-ல் உங்களுக்கு நிற்பது 88.98. ஒரு கோடி விற்கும் ரெஸ்டாரண்டில் இது 11 லட்சம், ஐடிசி வருவது போக. மே மாதத்தில் ஆறு அறைகளைப் பத்து இரவு ஆயிரம் ரூபாய் கூடுதலாக விற்றிருந்தால்கூட வந்தது 60,000. இந்தக் கணக்கை யாரும் போன மே மாதம் போடவில்லை, ஏனென்றால் ரேட்டை ஏற்றியது பெரும்பாலும் மனிதர்கள் அல்ல, தேவைக்கேற்ப விலையை நகர்த்தும் மென்பொருள்.

எனவே வெண்டாரிடம் இரண்டு வசதி கேளுங்கள். ஒன்று, நிதியாண்டில் ஒவ்வொரு அறைக்கும் ஓர் இரவின் அதிகபட்ச மதிப்பு என்ன, தள்ளுபடி போக, பிளானும் கூடுதல் ஆளும் சேர்த்து, வரி இல்லாமல் என்று ஒரு ரிப்போர்ட். ஓடிஏவில், அதாவது ஆன்லைன் புக்கிங் தளங்களில், விற்றதற்கு, கமிஷன் கழித்து உங்கள் கைக்கு வந்த தொகையை அல்ல, விருந்தினருக்குப் போட்ட அறை விலையை எடுக்க வேண்டும். இரண்டு, அந்தத் தளங்களுக்கெல்லாம் ரேட்டை அனுப்பும் சேனல் மேனேஜரில் மேல் வரம்பு; சாப்பாடு சேராத இபி பிளானுக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு பிளானுக்கும், கூடுதல் ஆளோடும் சேர்த்து 7,500. கவுன்டரில் கையால் ரேட் போடும்போதும் இதே தடை வர வேண்டும், மேனேஜர் பாஸ்வேர்டு இல்லாமல் தாண்டக்கூடாது.

ஆனால் வரம்பு போடுவதற்கு முன் 2026 ஏப்ரல் 1-க்குப் பிறகான புக்கிங்குகளில் 7,500-க்கு மேல் ஏதாவது ஏற்கெனவே உறுதியாகியிருக்கிறதா என்று தேடுங்கள். மே மாத ரேட்டுகள் எப்போதோ திறந்திருக்கும். அப்படி ஒன்றிரண்டு மட்டும் இருந்தால், அந்த விருந்தினர்களுக்கு விலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு வரம்பைப் போடலாம். 2027-28-ல் ரெஸ்டாரண்ட் மறுபடி 5-க்கு வரும். நாற்பது ஐம்பது இருந்தால் வரம்பே வேண்டாம், அறைகளைச் சீசன் விலைக்கே விற்றுக்கொள்ளுங்கள், ரெஸ்டாரண்டை 18-க்குத் தகுந்தாற்போல் நடத்துங்கள். இரண்டுக்கும் நடுவில், ஒரே ஒரு அறையை ஒரே ஒரு இரவு 7,600-க்கு விற்றுவிட்டு நிற்பதுதான் நஷ்டக் கணக்கு.